பீப் ஒலித்த கிரவுண்டும் காணாமல் போன 1.6 வோல்ட்டும்

சனிக்கிழமை இரவு குளச்சலிலிருந்து நாகர்கோவில் வரை போய்த் திரும்பினேன். ஹெட்லைட், ஏசி, தாழ்ந்த ஒலிக்கென்றே காரில் வைத்த சப்வூஃபர் ஸ்பீக்கர் மூன்றும் ஒன்றாக ஓடின. ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. மூன்று வாரமாக என் தூக்கத்தைக் கெடுத்த விளக்கு அது. திங்கள்நகர் தாண்டுவதற்குள் எரிந்துவிடும்; ஆம்ப்ளிஃபயர் வாயை மூடிக்கொள்ளும். அணைத்துப் போட்டால் அடுத்த பாட்டின் பாதி வரைக்கும் பாடும், பிறகு மறுபடியும் மௌன விரதம். குற்றவாளி யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. அவனை அங்கே உட்கார வைத்தவனே நான்தான் என்பது தனி வருத்தம்.

பொருட்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 12 அங்குல சப்வூஃபர், 4 ஓம் இரட்டைக் காயில், இரண்டையும் இணையாகச் சேர்த்து 2 ஓம். கிளாஸ் டி மோனோ ஆம்ப்ளிஃபயர், 2 ஓமில் 500 வாட் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய திறன். வண்டி பழைய பெட்ரோல் ஸ்விஃப்ட். பெட்டி மூடிய வகை, உள்ளளவு 28 லிட்டர். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை பக்கமே போகவில்லை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. இரண்டு பருவமழையும் வந்து போகும் ஊர். ஈரம் குடித்த எம்டிஎஃப் ஓரத்தில் ரொட்டி போல உப்பிவிடும். பெட்டி செய்துகொடுத்த தச்சர் அண்ணன், அயினிப் பலகையில் அடித்தால் பேரன் காலம் வரை இருக்கும் என்று ஒற்றைக் காலில் நின்றார். வள்ளத்துக்கும் கதவுக்கும் அயினி சரி. ஆனால் கட்டை மரம் வெயிலுக்கும் மழைக்கும் சுருங்கி விரியும், மூட்டு விட்டால் மூடிய பெட்டி மூடிய பெட்டியாக இருக்காது. 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டுக்கு அவரைச் சம்மதிக்க வைக்க இரண்டு நாளும் நான்கு தேநீரும் ஆயின.

வயர் விஷயத்தில் நான் ஏமாந்ததையும் சொல்ல வேண்டும். நாகர்கோவிலில் ஒரு கடையில் 4 கேஜ் (வயரின் தடிமன் அளவு) என்று எழுதிய வயர் கிட் வாங்கினேன். பார்வைக்குக் கட்டை விரல் தடிமன். வீட்டில் முனையைச் சீவினால் பாதி தடிமன் பிளாஸ்டிக். உள்ளே இருந்த இழைகளைப் பிளேடால் சுரண்டியதும் வெள்ளை தெரிந்தது. செம்பு முலாம் பூசிய அலுமினியம்! அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். கூடவே உப்புக் காற்றில் அதன் முனை வெள்ளைப் பொடியாகப் பூத்துவிடும். கிட்டைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். இப்போது அது மாடியில் துணி காயப்போடும் கொடி.

அதற்குப் பதில் மார்த்தாண்டத்தில் வெல்டிங் சாமான் விற்கும் இடத்தில் 25 சதுர மில்லிமீட்டர் செம்பு வெல்டிங் கேபிளை மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கினேன். உண்மையான 4 கேஜ் என்பது 21 சதுர மில்லிமீட்டர்தான், எனவே இது தாராளம். முடி போன்ற மெல்லிய இழைகள் என்பதால் கதவுப் படியின் கீழே பாம்பு போல வளைந்து போகிறது. அலுமினிய வெல்டிங் கேபிளும் விற்கிறார்கள், சீவிப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் உறைக்கு என்ஜின் எண்ணெய் ஆகாது. முன்பக்கம் முழுவதும் மேலே ஒரு குழாய் உறை போட்டிருக்கிறேன். பேட்டரியிலிருந்து ஒரு முழ தூரத்துக்குள் 80 ஆம்பியர் ஃபியூஸ்.

இத்தனை கவனமும் சிவப்பு வயருக்குத்தான். மின்னோட்டம் வண்டியின் தகடு வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் கறுப்பு வயருக்கு, அதாவது கிரவுண்டுக்கு, என்ன செய்தேன்? அரை மீட்டர் வெட்டி, பின் இருக்கையின் தாங்கியைப் பிடிக்கும் போல்ட்டில் முறுக்கிவிட்டு எழுந்துவிட்டேன். மல்டிமீட்டரைப் பீப் ஒலியில் வைத்துத் தொட்டேன். பீப் என்றது. கிரவுண்ட் நன்றாக இருக்கிறது என்று மனத்துக்குள் முத்திரை குத்திவிட்டேன். அந்த முத்திரைதான் மூன்று வாரத்தைத் தின்றது.

சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்ததும் மற்ற எல்லோரையும் சந்தேகப்பட்டேன். காயில்களைக் கழற்றி அளந்தேன், ஒவ்வொன்றும் 3.6 ஓம், குறையில்லை. ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி நண்பனின் வண்டியில் மாட்டினேன்; சனியன், அங்கே சமர்த்தாகப் பாடியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முன் ஸ்பீக்கர்களில் கொசு பாடுவது போல ஓர் இழுவை கேட்டது. அதற்காக, ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளைப் பிடுங்கி மறுபக்கக் கதவு வழியாக மாற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது, கொசு போகவில்லை. இடையில் மீட்டரை ஓம் அளவில் வைத்து கிரவுண்டைப் பார்த்தபோது 0.3 காட்டியது. இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலும் அதே 0.3. அதாவது மீட்டர் தன் சொந்த வயரை அளந்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

வள்ளத்து என்ஜின்களுக்கும் பேட்டரிகளுக்கும் வேலை பார்க்கும் மாமா ஒருவர் எனக்கு உண்டு. உப்புத் தண்ணீரோடு முப்பது வருடம் சண்டை போட்ட கை. பீப் ஒலித்ததே என்றேன். சிரித்தார்.

"மக்களே, பீப் ஒலித்தால் வழி இருக்கிறது என்றுதான் அர்த்தம். அது ஒற்றையடிப் பாதையா நாற்கரச் சாலையா என்று அது சொல்லுமா? லாரியை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்."

லாரியை ஓட்டிய விதத்தை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதைச் செய்யாமல்தான் பலரும் ஆம்ப்ளிஃபயரை மாற்றுகிறார்கள். ஐந்து மீட்டர் மெல்லிய மணி வயரால் மல்டிமீட்டரின் கறுப்பு முனையை நீட்டினோம். அதில் மின்னோட்டம் அநேகமாக ஓடாது, ஆகவே மெலிதாக இருந்தால் பரவாயில்லை. டிசி வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனை பேட்டரியின் மைனஸில், மறுமுனை ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்ட் திருகில். தம்பி ஆக்ஸிலரேட்டரை 2000 சுற்றில் பிடித்துக்கொண்டான். 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைப் பத்து வினாடி ஓட்டினோம். ஒலி இல்லாதபோது மீட்டரில் பூஜ்யம். ஒலி வந்ததும் 1.6 வோல்ட். அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்து, என்ன இடிந்தது என்று கேட்டதும் அதே வினாடியில்தான்.

பிறகு பிளஸ் பக்கம்: பேட்டரி பிளஸிலிருந்து ஆம்ப்ளிஃபயர் பிளஸ் வரை 0.3 மட்டும். ஐந்து மீட்டர் சிவப்பு வயரும் ஃபியூஸும் சேர்ந்து 0.3 தின்ன, அரை மீட்டர் கறுப்பு வயரின் பாதை 1.6 தின்றது. பேட்டரியில் 13.6 இருக்கும்போது ஆம்ப்ளிஃபயருக்குக் கிடைத்தது 11.7. வயரைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் மாமாவின் கிளாம்ப் மீட்டரில் 40 ஆம்பியர். 1.6-ஐ 40-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.04 ஓம். என் மீட்டரின் ஓம் அளவு இதை ஏழு ஜென்மத்திலும் காட்டாது. பெருக்கினால் 64 வாட், ஒரு சாலிடரிங் இரும்பின் சூடு. போல்ட்டைத் தொட்டேன், விரலை உடனே எடுத்துவிட்டேன். இரவில் ஹெட்லைட்டும் ஏசியும் போட்டு வண்டி சிக்னலில் நிற்கும்போது, ஆம்ப்ளிஃபயர் மயங்கி விழாமல் என்ன செய்யும்?

போல்ட்டைக் கழற்றியதும் காரணம் பல்லிளித்தது. தாங்கியின் அடியில் பெயின்ட், அதற்கும் கீழே ஒட்டுப்பசை. மின்னோட்டம் முழுவதும் போல்ட்டின் மரை வழியாகக் கசிந்து போயிருக்கிறது. இருக்கைக்கும் பெல்ட்டுக்கும் உரிய போல்ட்களை இதற்கு நாடுவதே தவறு என்று மாமா திட்டியதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

புதிய இடம் டிக்கியின் தரை. துளை போடும் முன் கீழே படுத்து, பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய் எதுவும் அந்தப் பக்கம் இல்லை என்று பார்த்தோம். இரண்டு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டத்துக்கு உப்புத்தாளால் தேய்த்து வெள்ளைத் தகடு பளபளக்கும் வரை கொண்டுவந்தோம். 8 மில்லிமீட்டர் போல்ட், ஸ்டார் வாஷர், வயர் முனையில் ஹைட்ராலிக் கிரிம்பரால் அழுத்திப் பொருத்திய உலோக வளையம் (லக்). இறுக்கிய பிறகு, கவனிக்கவும், இறுக்கிய பிறகுதான், மேலும் கீழும் பெயின்ட்டும் கிரீஸும். மறுபடி அளந்தோம்: 0.4. நான் துள்ளினேன், மாமா துள்ளவில்லை. மீதி எங்கே என்று கேட்டார். பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்குப் போகும் பழைய வயரின் முனை பச்சை பூத்திருந்தது. மிச்சமிருந்த வெல்டிங் கேபிளில் ஒரு துண்டு அங்கே போட்டோம். 0.15. கொசுவும் அன்றோடு ஓடிவிட்டது. கிரவுண்ட் மோசமாக இருந்தால் மின்னோட்டம் ஆர்சிஏ கேபிளின் உறை வழியாக ஸ்டீரியோவுக்குத் திரும்பப் பார்க்கும். ஸ்டீரியோ பிழைத்தது என் அதிர்ஷ்டம்.

ஆம்ப்ளிஃபயர் ஒலியை எவ்வளவு பெருக்க வேண்டும் என்று வைக்கும் கெயின் இன்னும் கீழேதான் இருக்கிறது. 2 ஓமில் 500 வாட்டுக்கு 31.6 வோல்ட் வரை போகலாம். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு 24.5 வோல்ட்டில், அதாவது 300 வாட்டில் நிறுத்தினேன். லோ பாஸ் 80 ஹெர்ட்ஸ், அதற்கு மேலான ஒலி சப்வூஃபருக்குப் போகாது. சிங்காரி மேளப் பதிவு ஒன்றைப் போட்டால் செண்டையின் தாழ்ந்த ஒலிப் பக்கமான வலந்தலை நெஞ்சுக்கூட்டில் விழுகிறது, அடி அடியாகத் தனித்தனியே. துளை வைத்த பெட்டி இன்னும் சத்தமாக இருக்கும் என்று நண்பன் ஆசை காட்டுகிறான். இந்தத் துல்லியத்தை விட மனம் வரவில்லை.

குறைகள் உண்டு. பின் நம்பர் பிளேட் தகரக் கடை போல அதிர்கிறது. அதற்குப் பின்னால் ரப்பர் பட்டை ஒட்ட வேண்டும். பெட்டிக்கு இன்னும் கார்ப்பெட் சுற்றவில்லை. டிக்கி தரையோடு பிடிக்கும் இரும்புக் கொக்கிகளும் வரவில்லை, தற்காலிகமாக வள்ளத்துக் கயிறுதான். அதற்குள் கண் ஆல்டர்னேட்டருக்குப் போய்விட்டது. அங்கிருந்து பேட்டரிக்கு வரும் வயரையும் தடிமனாக்க வேண்டும். கிரிம்பரைத் திங்கள்கிழமை விடிவதற்குள் திருப்பித் தரவேண்டும், மாமாவுக்கு ஒரு வள்ளத்து வேலை காத்திருக்கிறது. கேபிளில் இன்னும் ஒரு மீட்டர் மிச்சம் இருக்கிறது.