ஆனி மாசத்து வடக்கு வெயில்

ஓவியக்கூடத்துக்கு வடக்கு வெளிச்சம்தான் நல்லது என்று கட்டடக்கலை படிக்கும்போது முதல் வருஷமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். வடக்கே ஜன்னல் வைத்தால் நேர்வெயில் உள்ளே வராது, நாள் முழுக்க ஒரே சீராக வெளிச்சம் இருக்கும், படமும் வெளுக்காது. நானும் அழகர்கோவில் ரோட்டுப் பக்கம் ஒரு கட்டடத்துக்கு வரைபடம் போட்டபோது அதையே செய்தேன். கீழே ஓவியக்கூடம், மேலே இரண்டு மாடி அலுவலகம், கூடத்துக்கு வடக்குச் சுவர் நெடுக உயரமான ஜன்னல்கள்.

இந்த இரண்டையும் ஒரே கட்டடத்தில் வைப்பது லேசான வேலை இல்லை. அலுவலகத்துக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும், கூடத்துக்கு வெளிச்சமே எதிரி. காகிதத்தில் வரைந்த படத்துக்கும் சாயத் துணிக்கும் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தைல ஓவியம் 200 வரை தாங்கும். மதுரைப் பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் மீட்டரை நீட்டினால் ஆயிரக்கணக்கில் காட்டும்.

அப்புறம் நேரக்கணக்கு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மதியம் வாங்கிய சூட்டைச் சாயங்காலம்தான் உள்ளே இறக்கும். அலுவலகம் ஆறு மணிக்குப் பூட்டிவிடும், அதனால் பாதகமில்லை. கூடத்துக்கோ ஜனம் வருவதே ஐந்து மணிக்கு மேல்தான். அதனால்தான் மொட்டைமாடிச் சூடு தொடாதபடி கூடத்தைத் தரைத்தளத்துக்குக் கொண்டுவந்து, மேற்கே மாடிப்படி, கழிப்பறை, சாமான் அறை எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வெயிலுக்கு அவற்றைக் காவல் வைத்தேன். மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதித்தோம். நடுவில் ஒரு முற்றம். இந்த முற்றத்துக்காகத் திருமலை நாயக்கர் மகாலுக்கு மூன்று மத்தியானம் போய் உட்கார்ந்தேன். 1636இல் கட்டியது, வெட்டவெளி முற்றத்தில் கால் வைக்க முடியாத நேரத்திலும், சுற்றியுள்ள தூண் வரிசைக்குள் நாலடி நகர்ந்தால் உடம்பு ஆறுகிறது. நிழலின் ஆழம்தான் காரணம் என்பது என் கணிப்பு. அவ்வளவு உயரம் நமக்குக் கட்டாது, ஆழத்தையாவது எடுத்துக்கொள்ளலாம் என்று தாழ்வாரத்தை எட்டடி அகலத்துக்கு இழுத்தேன். வாடகைக்கு விடுகிற இடம் குறைகிறதே என்று உரிமையாளர் வருத்தப்பட்டார். விடாமல் பேசித்தான் சம்மதிக்க வைத்தேன், இன்றைக்கும் அது சரி என்றே நினைக்கிறேன்.

வடக்குச் சுவர் எழும்பியது மாசி மாசத்தில். லின்டல் மட்டத்துக்கு, அதாவது ஜன்னல் தலைப்பு உயரத்துக்கு, வந்தபோது கொத்தனார் சாரத்தில் நின்றபடியே கேட்டார், "சார், இங்கிட்டு மறைப்பு ஒண்ணும் வேணாமா? ஆனி ஆடியில வெயிலு வடக்க இருந்துல்ல அடிக்கும்?" ரெண்டடி சன்ஷேட் வருதுண்ணே, அது போதும் என்றேன்.

அவர் சொன்னதில்தான் விஷயம் இருந்தது. மதுரை இருப்பது நிலநடுக்கோட்டுக்குக் கிட்டத்தட்ட 9.9 பாகை வடக்கில். சித்திரை பிறந்து ஓரிரு நாளில் சூரியன் நம் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போய்விடும், திரும்பி வர ஆகஸ்ட் கடைசியாகும். வருஷத்தில் நாலு மாசத்துக்கு மேல் நமக்கு வெயில்படுவது வடக்குச் சுவரில்தான். உச்சிவெயிலை சன்ஷேட் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஜூனில் காலையிலும் சாயங்காலமும் சூரியன் தாழ்வாக, சுவரை உரசுகிற மாதிரி சாய்வாக வரும். அதைத் தலைக்கு மேல் இருக்கும் பலகை எப்படித் தடுக்கும்?

ஜூன் நடுவில், பூச்சு முடிந்திருந்த கூடத்துக்கு ஒரு சாயங்காலம் ஐந்தரைக்குப் போனேன். முக்கியமான படங்களை மாட்டுவதற்கென்று நாங்கள் ஒதுக்கிய கிழக்குச் சுவரில், ஓர் ஆள் அகலத்துக்கு மஞ்சளாக ஒரு பட்டை. கையை வைத்தேன், சுவர் சுட்டது. பக்கத்தில் நின்ற ஓவியர் ஒன்றும் பேசாமல் அந்தப் பட்டையின் இரண்டு ஓரத்திலும் பென்சிலால் கோடு போட்டார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உச்சி நேரத்துக்கு மட்டும் கணக்குப் போட்டு, மற்ற நேரத்தை விட்டுவிட்டேன் என்பதைவிட, கேட்ட மனிதருக்கு நின்று பதில் சொல்லாமல் போனதுதான் உறுத்தியது.

மறுநாள் கொத்தனாரையே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினேன். ஜன்னல்களுக்கு வெளியே மூன்றடிக்கு ஒன்றாக, ஒன்றரை அடி நீட்டி, செங்குத்தாகத் தடுப்புகள். முற்பகலில் வெயில் நன்றாக ஏறும்போது அது தடுப்பைத் தாண்டும், அந்த நேரத்துக்கு சன்ஷேட் கைகொடுக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் நாள் முழுக்க மறையும். தடுப்புகளின் உள்பக்கத்துக்குப் பளீர் வெள்ளை வேண்டாம், சுண்ணாம்பில் கொஞ்சம் காவி கலந்து அடிக்கலாம் என்றது அவர் யோசனை. வெளிச்சம் எதிரொளித்து உள்ளே பாயாமல் அடங்கியே வந்தது.

போன ஆனியில் ஒருநாள் ஐந்தரை மணிக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன். கொத்தனார் எனக்கு முன்பே வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கிழக்குச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். பென்சில் கோடுகள் இருந்த இடத்தில் இரண்டு படங்கள் மாட்டியிருந்தார்கள். வெயில் தடுப்புகளோடு நின்றுவிட்டது.