கல்யாணப் படங்களுக்குப் ‘போன் செட்’ தனியாகக் கொடுங்கள்

அல்சூரில் முகூர்த்தம் முடிந்து பந்தியில் இலை போடுவதற்குள் ஓசூர், சேலம், சென்னை என்று எல்லாப் பக்கமிருந்தும் “படம் அனுப்புங்க” என்று மெசேஜ் வர ஆரம்பித்துவிடும். ஆல்பம் கைக்கு வர ஒன்றிரண்டு மாதமாவது ஆகும். அதற்குள் சொந்தபந்தம் முழுக்க அந்தக் கல்யாணத்தைப் போனில் பார்த்து முடித்திருக்கும். கல்யாணப் படம் எடுக்கும் நம் வேலையை ஊர் பார்ப்பது அங்கேதான். ஆனால் பெங்களூரில் இன்றும் பலர் பெரிய சைஸ் படங்களை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுப்பதோடு சரி. அதிலிருந்து பெண்ணின் சித்தப்பா நாற்பது படத்தை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார். படத்தைச் சுருக்குவது ஆப்பின் கைக்குப் போய்விடுகிறது. அந்த வேலையை நாமே செய்து கொடுக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000 x 4000 பிக்சல், நல்ல தரத்தில் ஜேபெக் ஆக்கினால் 10 எம்பி அளவுக்கு வரும். வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் அனுப்பினால் நீளப்பக்கம் ஏறக்குறைய 1600 பிக்சலுக்கு இறங்குகிறது. 14 பிக்சல் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சும். அதோடு கோப்பைச் சிறிதாக்க விவரத்தைக் குறைக்கும் அழுத்தமும் (கம்ப்ரஷன்) சேர்கிறது. இந்த அழுத்தத்தில் வெளிச்ச விவரம் ஓரளவு தப்பிக்கும், நிற விவரம் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகும். அடி வாங்குவது பட்டுச்சேலைதான். அரக்கு உடம்பும் பச்சை பார்டரும் சேரும் கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளிச்சம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்று, நிறம் மட்டும் வேறு. அந்த ஓரம் கட்டம் கட்டமாகக் குழைந்திருக்கும். ஜரிகையின் மெல்லிய இழைகளோ சைஸ் குறையும்போதே ஒன்றோடொன்று ஒட்டி மஞ்சள் பட்டையாகிவிடும்.

இதைத் தடுக்க முழு சைஸ் செட்டோடு போனுக்கென்று இன்னொரு செட்டையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் நீளப்பக்கம் 2048 பிக்சல், குவாலிட்டி 80, ‘ஷார்ப்பன் ஃபார் ஸ்க்ரீன்’ ஸ்டாண்டர்டில். ஒரு படம் 600 முதல் 900 கேபி வரை வரும். படம் சிறிதாகும்போது கண் இமையும் ஜரிகையும் கொஞ்சம் மழுங்கும். அதை மீட்பது இந்த ஷார்ப்பன்தான், மறக்காமல் போடுங்கள். ‘லிமிட் ஃபைல் சைஸ்’ பெட்டியைத் தொடாதீர்கள். அதை டிக் செய்தால் குவாலிட்டியை லைட்ரூமே முடிவு செய்யும், நுணுக்கம் அதிகமுள்ள படத்தை அதிகமாக நசுக்கும். பூ அலங்கார மேடைப் படம்தான் முதலில் கெடும். ரெசல்யூஷன் 72 போடுவதா 300 போடுவதா என்று வாதம் செய்பவர்கள் உண்டு. திரைக்கு அந்த எண்ணால் எந்த வித்தியாசமும் இல்லை, பிக்சல் எண்ணிக்கைதான் கணக்கு.

கலர் ஸ்பேஸ், அதாவது படத்தின் நிற எண்களை எந்த நிறமாகப் படிப்பது என்ற அளவுகோல், எஸ்-ஆர்ஜிபியில் இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எடிட் செய்யும்போது இன்னொரு அளவுகோலான அடோபி ஆர்ஜிபி வைத்திருந்துவிட்டு அப்படியே ஏற்றினால், எந்த அளவுகோல் என்று சொல்லும் புரொஃபைல் குறிப்பைப் படிக்காத ஆப்பில் நிறம் வெளுக்கும். குங்குமம் செங்கல் நிறமாகும், மாவிலைத் தோரணம் வாடியதுபோல் இருக்கும். “எடிட்டிங் டல்லா இருக்கு” என்று வரும் புகாரில் இப்படிப்பட்டதும் உண்டு. எக்ஸ்போர்ட் ஆனதும் ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி, சாதாரண விலை ஆண்ட்ராய்டு போன் ஒன்றில் திறந்து பாருங்கள். வீட்டு மானிட்டரில் மட்டும் பார்த்துவிட்டு லிங்க் அனுப்பாதீர்கள்.

2048 பிக்சல் படம் 4 x 6 பிரிண்டுக்குத் தாராளமாகப் போதும். அதையே 12 x 18 ஆல்பம் பக்கத்துக்குப் போட்டால் அங்குலத்துக்கு 114 பிக்சல்தான் கிடைக்கும், முகம் மாவுபோலத் தெரியும். இதைப் பார்ட்டியிடம், அதாவது படம் எடுக்கச் சொன்ன வீட்டாரிடம், முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஃபோல்டர் பெயரிலேயே ‘ஃபார் போன்’, ‘ஃபார் பிரிண்ட்’ என்று எழுதுவது இன்னும் நல்லது.

இன்ஸ்டாகிராமுக்கு ஒரு 20, 30 படத்தை மட்டும் தனியாக வெட்டிக் கொடுங்கள். அகலம் 1080 பிக்சல். கேமராவின் நின்ற வாக்குப் படம் 2:3, அதாவது 1080 x 1620. பதிவில் பெரும்பாலோர் போடும் 4:5 அளவு 1080 x 1350. ஆக ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. 2025 முதல் 3:4 அளவையும் ஏற்கிறார்கள், அதிலும் ஒன்பதில் ஒரு பங்கு போகும். மணப்பெண் நெற்றிச்சுட்டியிலிருந்து சேலைக் கொசுவம் வரை நிற்கும் படத்தைப் பார்ட்டியே போனில் வெட்டினால் ஒன்று தலைப்பூ அறுபடும், இல்லையென்றால் மருதாணிக் கால் போகும். எங்கே வெட்டலாம் என்பது எடுத்தவருக்குத்தான் தெரியும். ஸ்டேட்டஸுக்கு 1080 x 1920. மேலும் கீழும் பெயரும் பட்டனும் வந்து மூடும், அதனால் முகம் நடுப்பகுதிக்குள் அடங்கட்டும்.

இனி கோப்புப் பெயர். சிறிய விஷயம் மாதிரித் தெரிந்தாலும் குழப்பம் இங்கேதான் அதிகம். கேமரா 9999-க்குப் பிறகு மறுபடி 0001-இலிருந்து எண் போடும். இரண்டு கேமரா இருந்தால் ஒரே எண்ணில் இரண்டு படம் வரும், ஒரு ஃபோல்டரில் சேர்க்கும்போது ஒன்றின் மேல் ஒன்று எழுதிவிடும். வேலை தொடங்கும் முன் எல்லாக் கேமராவிலும் ஒரே போன் கடிகாரத்தை ஒரு கிளிக் எடுத்து வையுங்கள். கேண்டிட் (போஸ் கொடுக்காமல் இயல்பாக இருக்கும்போது) படம் எடுப்பவரின் கேமரா கடிகாரம் ஆறு நிமிடம் பின்தங்கியிருந்தால், தாலி கட்டியபின் மேடையில் எடுத்த அவருடைய படம் கன்னிகாதானத்துக்கு நடுவே போய் உட்காரும். அந்தக் கடிகாரப் படத்தை வைத்து லைட்ரூமில் ‘எடிட் கேப்ச்சர் டைம்’ மூலம் வித்தியாசத்தைச் சரிசெய்து, நேர வரிசையில் அடுக்கி, 0001 முதல் புது எண் கொடுங்கள். போன் செட்டிலும் முழு செட்டிலும் ஒரு படத்துக்கு அதே எண் இருக்க வேண்டும். மாமியார் போனில் பார்த்தபடி “0347 ஆல்பத்துல வேணும்” என்று சொன்னால் நீங்கள் நேராக அந்தப் பெரிய படத்துக்குப் போகலாம். பெயர்களை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வையுங்கள். தமிழ் எழுத்து சில டிவியிலும் பழைய ஆல்பம் மென்பொருளிலும் வெறும் கட்டமாக வரும்.

லிங்க் எதில் கொடுப்பது? பிக்ஸிசெட், பிக்-டைம் போன்ற ஆன்லைன் கேலரிகளில் போனில் பார்ப்பது சுகம், பிடித்த படத்துக்கு இதயம் தட்டினால் ஆல்பம் செலக்‌ஷனும் முடிந்துவிடும். கூகுள் டிரைவ் எல்லாருக்கும் பழகியது, ஆனால் அதில் மூன்று இடத்தில் சறுக்கும். லிங்க் ‘ரெஸ்ட்ரிக்டட்’ ஆக இருந்தால் ஐம்பது பேர் அனுமதி கேட்டு மெயில் அனுப்புவார்கள். ‘எடிட்டர்’ கொடுத்தால் யாராவது படத்தை நகர்த்துவார்கள், அழிக்கவும் செய்வார்கள். ‘வியூவர்’ மட்டும் கொடுங்கள். மூன்றாவது, பெரிய ஃபோல்டரை மொத்தமாக டவுன்லோடு செய்தால் டிரைவ் அதை 2 ஜிபி அளவில் பல ஜிப்பாகப் பிரித்துத் தரும். முதல் ஜிப்பைத் திறந்துவிட்டுப் பாதிப் படம் காணோம் என்று கூப்பிடுவார்கள். நலங்கு, ரிசப்ஷன், முகூர்த்தம் என்று பிரித்து, முழு சைஸில் ஒரு ஃபோல்டருக்கு 150 படத்துக்கு மேல் போகாமல் வைத்தால் ஒரே ஜிப்பில் அடங்கும். இலவசக் கணக்கின் 15 ஜிபி உங்கள் ஜிமெயிலுக்கும் சேர்த்துத்தான். அது நிரம்பினால் மெயிலே வராமல் நிற்கும், வேலைக்குத் தனிக் கணக்கு வையுங்கள்.

லிங்கோடு அனுப்பும் மெசேஜ் பெரியவர்களும் புரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும். ஒரு மாதிரி:

“வணக்கம் சார். போன்ல பார்க்கவும் ஷேர் பண்ணவும் 620 படம், 5 ஃபோல்டரா இந்த லிங்க்ல இருக்கு. பிரிண்ட் போட இதை எடுக்காதீங்க, அதுக்குப் பெரிய செட் பென்டிரைவ்ல இருக்கு. வாட்ஸ்அப்ல அனுப்பும்போது மேல ஹெச்டி பட்டனைத் தொட்டுட்டு அனுப்புங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப வேண்டாம். லிங்க் 60 நாள் இருக்கும்.”

அந்த ஹெச்டி வசதி 2023-இல் வந்தது. ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் படம் மாறாமல் அப்படியே போகும், ஆனால் பல போன்களில் கேலரிக்குள் வராது. வயதானவர்கள் தேடிக் களைத்துப் போவார்கள், அவர்களுக்கு ஹெச்டியே போதும்.

வாட்டர்மார்க் பற்றி என் கருத்து உறுதியானது: பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் படத்தில் குறுக்கே பெயர் எழுதக் கூடாது. மூலையில் சிறிதாகப் போட்டாலும் 4:5 வெட்டில் பாதி போய் அசிங்கமாகும். பெயரை மெட்டாடேட்டாவில், அதாவது படத்தின் மேல் தெரியாமல் கோப்புக்குள் இருக்கும் குறிப்பில் போடுங்கள். வாட்ஸ்அப் படமாக அனுப்பும்போது அது உதிர்ந்துவிடும் என்பதால், டேக் செய்ய வேண்டிய பெயரை மெசேஜிலும் எழுதிக் கேளுங்கள். எக்ஸ்போர்ட்டில் ‘ரிமூவ் லொக்கேஷன் இன்ஃபோ’ டிக் இருக்கட்டும். போன் ஆப்போடு இணைத்த கேமரா, பெண் வீட்டின் இடத்தையே படத்துக்குள் எழுதிவைத்திருக்கலாம்.

“எடுத்தது நான், காப்பிரைட் எனக்கு” என்று நம்மில் பலர் நம்புகிறோம். இந்தியாவின் 1957 காப்பிரைட் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர் என்கிறது. எடுத்தவர் நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57-ஆம் பிரிவு நமக்குக் கொடுக்கிறது, அது வேறு. ஆகவே உங்கள் இன்ஸ்டா பக்கத்தில் போட வேண்டுமென்றால் அட்வான்ஸ் வாங்கும்போதே எழுத்தில் வாங்குங்கள். மேக்கப் செய்தவரும் மேடை போட்டவரும் படம் கேட்டால் பார்ட்டியைக் கேட்டுக் கொடுங்கள். சேலை கட்டும்போது எடுத்தவை, அழுகை, குழந்தைகளின் படங்கள், இவற்றைப் பொது லிங்கில் போடாமல் ‘வீட்டார் மட்டும்’ என்று வேறு ஃபோல்டராக, வேறு லிங்கில் பெண்ணுக்கு மட்டும் அனுப்புங்கள். எதை வெளியே விடலாம் என்று அவர் சொல்லட்டும்.

60 நாள் முடிந்ததும் லிங்கை எடுத்தாலும் போன் செட்டை அழிக்காதீர்கள். 600 படம் முழு சைஸில் 6 ஜிபி, போன் செட்டில் 500 எம்பி அளவுதான் வரும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் வாங்கும் 1 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்யாணங்களின் போன் செட் அடங்கும். இரண்டு டிஸ்க்கில் வைத்து, ஃபோல்டர் பெயரைத் தேதியில் தொடங்குங்கள். போன் தொலைந்துபோச்சு, தாத்தா இருக்கிற படம் ஒன்றாவது கிடைக்குமா என்று மூன்று வருடம் கழித்துக் கேட்டாலும் அன்றைக்கே புது லிங்க் அனுப்பிவிடலாம்.