‘பிளாக் லெப்பர்ட், ரெட் வுல்ஃப்’ நாவலைப் பாதியில் விடாமல் படிக்க

ஆப்பிரிக்கத் தொன்மங்களை வைத்து மார்லன் ஜேம்ஸ் எழுதிய இந்த மாயக்கதை நாவல் 2019-இல் வந்தது. 600 பக்கங்களுக்கு மேல். முதல் 100 பக்கத்துக்குள் மூடிவைக்கத் தோன்றினால், பெரும்பாலும் அதற்குக் காரணம் மொழி அல்ல. கதை யாரிடம் சொல்லப்படுகிறது என்பதைக் கவனிக்காமல் விட்டதுதான். டிராக்கர் என்ற மோப்பக்காரன் சிறையில் இருந்துகொண்டு, தன்னை விசாரிப்பவரிடம் வாக்குமூலம் கொடுக்கிறான். கைதி எதை மறைப்பான், எதை ஊதிப் பெரிதாக்குவான் என்ற சந்தேகம் பக்கத்துக்குப் பக்கம் கூடவே வரவேண்டும்.

காணாமல் போன ஒரு சிறுவனை டிராக்கரும் கூட்டாளிகளும் தேடிப் போகிறார்கள். அவன் யார் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. முதலில் கேட்டதையே பிடித்துக்கொண்டால் அடுத்த கதை வரும்போது எல்லாம் குழம்பிவிடும். ஒரு நோட்டை எடுத்து வலப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள்: சிறுவனைப் பற்றிச் சொன்னது யார், எந்த ஊரில், அப்போது கூட இருந்தது யார், பக்க எண். அவ்வளவு போதும். தொடக்கத்தில் உள்ள பாத்திரப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். அது ஊர்வாரியாகப் பிரித்திருக்கிறது. அங்கே ஒரு புத்தகக்குறியைச் செருகிவைத்து, புது ஊர் வரும்போது புரட்டினால் போதும்.

‘ஆப்பிரிக்கத் தொன்மம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் நாவலின் பாதி ருசி போய்விடும். நாவலில் வரும் சசபொன்சம் மேற்கே கானாவின் ஆகான் மக்களுடைய காட்டுப் பேய். இரும்புப் பல், கொக்கி போன்ற பாதம். மரக்கிளையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டிருக்கும்; கீழே போகிறவனைக் காலாலேயே கொத்தாகத் தூக்கிவிடும். இபுண்டுலுவுக்கு மூலம் தெற்கே ஜூலு, கோசா மக்கள் சொல்லும் மின்னல் பறவை. மிங்கி தொன்மமே அல்ல: எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்கில் சில இனத்தாரிடம், மேல்வரிசைப் பல் முதலில் முளைத்த குழந்தை சாபம் பிடித்ததாக ஒதுக்கப்பட்டது, கொல்லப்பட்டதும் உண்டு. இது தெரிந்தால்தான், மிங்கிக் குழந்தைகள் மீது டிராக்கர் வைக்கும் பாசத்தின் கனம் புரியும். நாவலின் இதயம் அங்கேதான் துடிக்கிறது.

ஆனால் பேர் கண்ட இடத்திலெல்லாம் கூகுளில் தேடாதீர்கள். ஆசிரியர் மரபில் உள்ளதைத் தன் கதைக்கு ஏற்ப மாற்றுகிறார். நாவல் 6 பாகம். ஒரு பாகம் முடிந்ததும் மொத்தமாகத் தேடுங்கள். ஐந்தாம் பாகத்துத் தலைப்பில் வரும் ‘ஒரிக்கி’ நைஜீரியாவின் யொரூபா மக்களுடைய புகழ்ப்பாட்டு. அங்கே ஒரு கிரியோ, அதாவது பரம்பரைக் கதைப்பாடகர், பாட்டாகவே சொல்கிறார். வாய்விட்டுப் படியுங்கள்; கண்ணால் மட்டும் ஓட்டினால் அந்தப் பகுதி சப்பென்று இருக்கும்.

கிரியோ மரபு புதிது என்றால், மாலி பேரரசை நிறுவிய சுந்தியாதாவின் காவியத்தை முன்னதாகப் படிப்பது நல்லது. ஒரு கிரியோ சொல்லக் கேட்டு ஜிப்ரில் தம்சிர் நியான் 1960-இல் எழுதிய சிறிய நூல். நடக்க முடியாத சிறுவன் சுந்தியாதா இரும்புத் தடியை ஊன்றி எழும்போது தடி வில்லாக வளையும் இடம் ஒன்று போதும், இந்த உலகத்தின் தாளம் பிடிபட.

பாலியல் வன்முறையும் குழந்தைகளுக்கு நேரும் கொடுமையும் நாவலில் வெளிப்படையாக வருகின்றன. தாங்காது என்றால் தொடாதீர்கள்.

நோட்டின் இடப்பக்கம் காலியாகவே இருக்கட்டும். இதே வரிசையில் 2022-இல் வந்த இரண்டாம் நாவல் ‘மூன் விட்ச், ஸ்பைடர் கிங்’, முதல் நாவலில் வரும் சூனியக்காரி சோகோலோன் வாயால் சொல்லப்படுகிறது. அவள் சொல்வதை டிராக்கரின் பேச்சுக்கு எதிரே எழுத அந்த இடம் வேண்டும்.