பேயின் மேக்கப்புக்குப் போகும் பணம்

சொந்தக் காசைப் போட்டுப் பேய்ப் படம் எடுப்பவர்கள் என்னிடம் வந்து சேரும்போது படப்பிடிப்பு முடிந்திருக்கும், பணமும் முடிந்திருக்கும். "எடிட் லாக் ஆயிடுச்சு சார், சவுண்ட் மட்டும்தான் பாக்கி" என்பார்கள். லேப்டாப்பைத் திறந்ததும் முதலில் காட்டுவது பேயின் முகத்தை. லேடெக்ஸ், லென்ஸ், பல் எல்லாம் கச்சிதமாக இருக்கும். லைவ் சவுண்ட், அதாவது படப்பிடிப்பிலேயே பதிவு செய்த ஒலி, எங்கே என்று கேட்டால், கேமரா மைக்கில் பதிவானதை பென் டிரைவில் போட்டுத் தருவார்கள். பேய்ப் படத்தில் பயமுறுத்துவது முகத்தைவிடச் சத்தம்தான், பணம் முதலில் அங்கே போக வேண்டும் என்பேன் நான்.

சவுண்ட் டிசைன் செய்கிறவன் வேறு எப்படிப் பேசுவான் என்று நீங்கள் நினைக்கலாம். இருக்கட்டும். ஆனால் காசில்லாமல் எடுத்து உலகமெல்லாம் ஓடிய பேய்ப் படங்களை எடுத்துப் பாருங்கள்.

1999-இல் வந்த 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' எல்லோரும் சொல்லும் உதாரணம்தான். நடிகர்களே கேமராவையும் ஒலிப்பதிவுக் கருவியையும் சுமந்துகொண்டு அமெரிக்காவின் மேரிலாந்து காட்டுக்குள் நடந்தார்கள். ராத்திரியானால் படக்குழுவினர் கூடாரத்தைச் சுற்றி வந்து சத்தம் எழுப்புவார்கள். ஒருநாள் குழந்தைகளின் குரலை ஒலிக்கவிட்டார்கள். என்ன வரப்போகிறது என்று உள்ளே இருப்பவர்களுக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. அந்தப் படத்தில் கேட்கிற மூச்சிரைப்பை டப்பிங் தியேட்டரில் எத்தனை டேக் போனாலும் வாங்க முடியாது.

அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு காட்சிக்காகக் குழுவில் ஒருவர் உடம்பு முழுக்க வெள்ளை உடுப்பு போட்டு, தலையிலும் வெள்ளையாக ஒன்றை மாட்டிக்கொண்டு இருட்டில் நின்றார். ஓடி வந்த நடிகை அவரைப் பார்த்து அலறுகிறார். கேமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை! படத்தில் மிஞ்சியது அலறலும் ஓட்டமும்தான். திரும்பியிருந்தால் வெள்ளை உடுப்பில் ஒரு ஆள் நிற்பது தெரிந்திருக்கும், தியேட்டரில் யாராவது சிரித்திருப்பார்கள்.

இன்னும் பின்னால் போனால் 1962-இன் 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்'. இயக்குநர் ஹெர்க் ஹார்வி, கான்சாஸில் கல்விப் படங்களும் நிறுவனங்களுக்கான படங்களும் எடுத்துப் பிழைத்தவர். யூட்டாவின் உப்பு ஏரிக்கரையில் பாழடைந்து கிடந்த சால்ட்ஏர் கேளிக்கை மண்டபத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு இந்தப் படம் தோன்றியது. செலவு சுமார் 33,000 டாலர். நாயகியைத் துரத்தும் வெளிறிய முகத்துக்காரர் ஹார்வியேதான், ஒப்பனையும் எளிமையானது. ஆனால் துணிக்கடைக் காட்சியை மறக்கவே முடியாது. உடை மாற்றும் அறையிலிருந்து நாயகி வெளியே வருகிறாள், உலகத்தின் சத்தம் மொத்தமும் நின்றுவிடுகிறது. விற்பனைப் பெண்ணிடம் பேசுகிறாள், அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருவில் கார்களும் மனிதர்களும் ஓசையின்றிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் பூங்காவில் ஒரு மரத்தடியில் நிற்கும்போது ஒரு பறவை கத்துகிறது, எல்லாச் சத்தமும் திரும்பி வருகிறது. இந்த உத்திக்கு என்ன செலவு? ஒலித்தடத்தை வெட்டினார்கள், அவ்வளவுதான்.

வெட்டலாம், ஆனால் வெட்டுவதற்கு முதலில் ஏதாவது இருக்க வேண்டுமே. அதனால்தான் ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் ஒலி, எடுங்கள் என்று நச்சரிக்கிறேன். ஒவ்வொரு லொகேஷனிலும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றால் போதும். அறைக்கு அறை அமைதி வேறு. முழுக்க டப்பிங் செய்த படத்தில் அது இல்லாவிட்டால் வசனத்துக்கு நடுவே வெறும் சூனியம்தான் கேட்கும். பார்ப்பவர் ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று ரிமோட்டைத் தேடுவார். நான் வழக்கமாகச் செய்வது: காட்சியின் ஆரம்பத்திலிருந்தே ஃபிரிட்ஜின் இரைச்சலை மெல்ல ஓடவிடுவேன். யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். பேய் வர வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அதை நிறுத்திவிடுவேன். என்ன மாறியது என்று தெரியாமலே ஆட்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

'பாராநார்மல் ஆக்டிவிட்டி' இதைத் தலைகீழாகச் செய்தது. இயக்குநர் ஓரன் பெலி தன் சொந்த வீட்டிலேயே சுமார் 15,000 டாலரில் எடுத்த படம், 2009-இல் தியேட்டர்களுக்கு வந்து உலக அளவில் 19 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அசையாத கேமரா, தூங்கும் இருவர், திறந்த கதவு. ஏதாவது நடப்பதற்கு முன் அடிவயிற்றில் உறுமுவதுபோல ஒரு தாழ்ந்த ஒலி வரும். கொஞ்ச நேரத்தில் ரசிகர்கள் அதற்குப் பழகிவிடுவார்கள். அதன்பின் கதவு அசைய வேண்டிய அவசியமே இல்லை, அந்த ஒலி தொடங்கினாலே தியேட்டர் அடங்கிவிடும்.

இந்த உறுமலைத்தான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். "சார், சப்வூஃபர் அதிரணும்." சரி, அதிரட்டும். ஆனால் சின்னப் படத்தைப் பெரும்பாலும் போனில்தான் பார்க்கப் போகிறார்கள். 40 ஹெர்ட்ஸ் ஒலியைப் போன் ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாது, இயக்குநர் ஸ்டூடியோவில் நடுங்கிய இடத்தில் பார்வையாளருக்கு ஒன்றுமே கேட்காது. அதனால் உறுமலோடு அதன் மேல்ச்சுரங்களையும், அதாவது அதன் மடங்குகளாக வரும் உயர்ந்த ஒலிகளையும், 200, 300 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் சேர்க்க வேண்டும். ஒலியை லேசாகச் சிதைக்கும் டிஸ்டார்ஷன் கொடுத்தாலே வந்துவிடும், மீதியைக் காது தானே ஊகித்துக்கொள்ளும். திடீர்ச் சத்தமும் அதற்கு முந்தைய அமைதியால்தான் பெரிதாகக் கேட்கும். அதனால் திடீர்ச் சத்தங்களை "இன்னும் ஏத்துங்க" என்று சொல்பவர்களுக்கு, ஏற்றாமல் அதற்கு முந்தைய பகுதியை இறக்குகிறேன். மீட்டரில் அந்தச் சத்தத்தின் அளவு மாறியிருக்காது, ஆனால் "இப்பதான் சார் சூப்பர்" என்பார்கள்.

படப்பிடிப்புக்கு முன்பே யாராவது வந்தால் திரைக்கதையை வாங்கி, பேய் கண்ணுக்குத் தெரியும் இடங்களை மட்டும் பென்சிலால் வட்டமிடச் சொல்வேன். வட்டங்கள் அதிகமிருந்தால் இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடலாமா என்று கேட்பேன். மிச்சமாகும் மேக்கப் பணத்தில் நீண்ட கோலில் மாட்டிய ஒரு நல்ல பூம் மைக்கும் அதைப் பிடிக்கத் தெரிந்த ஒரு ஆளும் கிடைப்பார்கள். பாதிப் பேர் ஒப்புக்கொள்கிறார்கள். மீதிப் பேர் போஸ்டருக்கு ஒரு முகம் வேண்டுமே சார் என்கிறார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.