சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுபோன திருட்டு

போன குறுவைக்கு நாற்று விட்டிருந்த நேரம். மன்னார்குடிப் பக்கம் எங்கள் போர்செட் ஒயரை ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள், உள்ளே இருக்கிற செம்புக்காகத்தான். அந்த வாரம் எங்கள் வாய்க்காலை ஒட்டி மட்டும் நாலு மோட்டார் கொட்டகையில் இதே கதை. அப்பா ஸ்டேஷனுக்குப் போய் மனு எழுதிக் கொடுத்தார். புகார் வந்தது என்று மட்டும் காட்டுகிற சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து, "பார்க்கிறோம் பெரியவரே" என்று அனுப்பிவிட்டார்கள். மற்ற மூன்று பேரில் இரண்டு பேர் அந்தப் பக்கமே போகவில்லை.

அப்புறம்தான் இந்தக் குற்றக் கணக்கு எப்படி மேலே போகிறது என்று தேடிப் படித்தேன். ஸ்டேஷனில் போடுகிற எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை), ஸ்டேஷன்களை இணைக்கிற சி.சி.டி.என்.எஸ். கணினி வலையில் ஏறி, மாவட்ட, மாநில குற்ற ஆவணக் காப்பகங்கள் வழியாக டெல்லியில் 1986-ல் தொடங்கிய தேசிய குற்ற ஆவணக் காப்பகத்துக்குப் போகிறது. எல்லா மாநிலமும் ஒரே படிவம், ஒரே தலைப்புகள். ஒரு எஃப்.ஐ.ஆரில் நாலு குற்றம் இருந்தால் பெரியதை மட்டும்தான் எண்ணுவார்கள். வீடு புகுந்து திருடிக் கொலையும் செய்திருந்தால் கொலையில் ஒன்று கூடும், திருட்டில் எதுவும் கூடாது.

சரி, எங்கள் சி.எஸ்.ஆர்.? எஃப்.ஐ.ஆர். ஆகாதவரை அது குற்ற எண்ணிக்கையிலேயே வராது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் 2024 ஜூலை 1 முதல் வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.), 5,000 ரூபாய்க்குக் குறைவான சாதாரணத் திருட்டு அந்த வகையில் வராது, மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. ஸ்டேஷனில் அப்பாவிடம், அறுத்த ஒயர் எடைக்குப் போட்டால் 2,000 தேறுமா என்று கேட்டார்களாம். புது ஒயர் போட எங்களுக்கு 11,000 ஆனது! எந்த விலையை எழுதுகிறோம் என்பதில்தான் இது குற்றமாக எண்ணப்படுமா என்பதே இருக்கிறது.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். புகாரை ஒழுங்காகப் பதிகிற ஸ்டேஷன் பட்டியலில் மோசமாகத் தெரிகிறது, ரசீதோடு அனுப்புகிற ஸ்டேஷன் அமைதியான ஊராகத் தெரிகிறது. ஒயர் திருட்டே இல்லாத ஊருக்கு ராத்திரி ரோந்து எதற்கு என்று யாரும் கேட்கலாம்.

எஃப்.ஐ.ஆர். மறுக்கப்பட்டால் எஸ்.பி.க்குத் தபாலிலேயே எழுதலாம், அதே புதுச் சட்டத்தில் பிரிவு 173(4). நாலு கொட்டகைக்காரர்களும் ஒயர் வாங்கிய பில்லைத் தேடி எடுத்துவிட்டோம். திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போகிறது, தனித்தனியாக நாலு மனு.