பெரியப்பாவின் மஞ்சள் ஸ்டிரிப்

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பெரியப்பா வீட்டுக்கு கிளானா ஜெயா ரயிலில்தான் போவேன். 1998இல் ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே அதற்கு ஓட்டுநர் கிடையாது. முன்கண்ணாடி ஓரம் நின்று தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். பெரியப்பா மட்டும் இன்றுவரை நடுப்பெட்டியில்தான் ஏறுவார்.

அவர் சுபாங் விமான நிலையத்தில், விமானங்களுக்கு வழிசொல்லும் கன்ட்ரோலராக இருந்தவர். பெரிய விமானங்களெல்லாம் சிப்பாங்குக்குப் போவதற்கு முந்தைய காலம். நான் மாஸ்டர்ஸ் ஆய்வுக்காக ஒரு கன்ட்ரோலரை 'எழுதி'க்கொண்டிருக்கிறேன். அதாவது, திரையைப் பார்த்து, யோசித்து, விமானங்களுக்கு உத்தரவு கொடுக்கும் மனிதன்போல நடந்துகொள்ளும் நிரல். இது புது யோசனை இல்லை. 1980களிலேயே நாசாவின் ஏம்ஸ் மையமும் அமெரிக்க ராணுவமும் சேர்ந்து மைடாஸ் என்று ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். காக்பிட்டைக் கட்டி முடித்த பிறகு 'விமானியால் சமாளிக்க முடியவில்லையே' என்று தலையில் கைவைப்பதைவிட, கணினிக்குள் ஒரு விமானியை உட்காரவைத்து முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்பதுதான் கணக்கு.

என் ஆளுக்கு வேண்டிய எண்களும் கையில் இருந்தன. கார்ட், மோரன், நியூவெல் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1983இல் கொடுத்தவை: கண்ணோ காதோ ஒன்றை வாங்கிக்கொள்ள 100 மில்லிவினாடி, மூளையின் ஒரு சுற்றுக்கு 70, கை அசைய 70. இவற்றைக் கோத்துக்கொண்டே போனால் ஒரு வேலைக்கு எத்தனை வினாடி என்று வந்துவிடும். பன்னிரண்டு விமானங்களைக் கொடுத்தேன், அசராமல் சமாளித்தான். அந்தப் பெருமையோடுதான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"பசியாறிட்டியா?" என்றார் பெரியப்பா. அப்புறம் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "உன் ஆளுக்கு ஒண்ணுக்கு வராதா?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து மஞ்சள் பிளாஸ்டிக் சட்டம் ஒன்றை எடுத்து வந்தார். அடிஸ்கேல்போல நீளமாக, ஓரமெல்லாம் தேய்ந்துபோய் இருந்தது. காகித ஸ்டிரிப்பைச் சொருகும் சட்டம். ஒரு விமானத்துக்கு ஒரு ஸ்டிரிப்: அழைப்புப் பெயர், ரகம், உயரம், வழி, நேரம். உயரத்தை மாற்றச் சொன்னால் பழைய எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதவேண்டும். பலகையில் இவை ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும். அன்று அந்தச் சட்டத்தில் இருந்தது கரண்டு பில். மேசைமேல் வைத்து, ஒரு முனையை விரலால் லேசாக வெளியே தள்ளிக் கோணலாக்கினார்.

"இப்படிச் சாய்ச்சு வச்சா, இந்த ஆள்கிட்ட இன்னும் ஒரு வேலை பாக்கின்னு அர்த்தம். மண்டையில வச்சுக்க வேணாம். கண்ணுல படும்."

என் நிரலில் ஞாபகம் என்றால் மண்டைக்குள் இருப்பது மட்டும்தான். பலகை இல்லை, கோணல் இல்லை. ஸ்டிரிப்பெல்லாம் திரைக்குப் போனபோது கையால் எழுதாவிட்டால் மறந்துபோகும் என்று பலரும் பயந்தார்கள். 1990களில் நடந்த சில சோதனைகளில் அப்படி எந்தக் குறையும் தெரியவில்லை. இதைச் சொன்னதும் பெரியப்பா கேட்காதவர்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனால் அந்த 'ஒண்ணுக்கு' கேள்வி என்னை விடவில்லை. என் ஆள் எழுந்து போவதுமில்லை, சலித்துக்கொள்வதுமில்லை. ரேடார் பார்ப்பவர்களுக்காக உளவியலாளர் மேக்வொர்த் செய்த கடிகாரச் சோதனை 1948இலேயே வெளிவந்துவிட்டது: முள் நகர்ந்துகொண்டே இருக்கும், எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல் தாவும், அதைப் பிடிக்கவேண்டும். முதல் அரைமணியைத் தாண்டியதும் ஆட்கள் கோட்டைவிட ஆரம்பித்தார்கள். தானியங்கி வந்தபின் மனிதனுக்கு மிஞ்சும் வேலை பெரும்பாலும் இதுதான், முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பது. பன்னிரண்டு விமானங்களைக் கொடுத்து நான் சோதித்தது தப்பு. இரண்டைக் கொடுத்துவிட்டு ஒரு மணிநேரம் காக்கவைத்திருக்கவேண்டும்.

2002 ஜூலை 1, ஜெர்மனியின் உபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள். போக்குவரத்து குறைவான இரவு. ஒரு கன்ட்ரோலர் ஓய்வுக்குப் போய்விட்டார். இன்னொருவர் தனியாக இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பராமரிப்பு வேலை நடந்ததால் தொலைபேசியும் சரியாக இல்லை, மோதல் எச்சரிக்கை திரையில் தெரியும் வசதியும் இல்லை. டுபொலெவ் விமானத்தை அவர் இறங்கச் சொன்னார். அதே விமானத்தில் இருந்த டிகாஸ், அதாவது மோதலைத் தவிர்க்க வழிசொல்லும் கருவி, ஏறச் சொன்னது. விமானிகள் மனிதன் சொன்னதைக் கேட்டார்கள். எதிரே வந்த போயிங் தன் கருவி சொன்னபடி இறங்கியது. இரண்டும் மோதி 71 பேர் இறந்துபோனார்கள். மனிதனும் கருவியும் முரண்பட்டால் கருவி சொல்வதைத்தான் கேட்கவேண்டும் என்பதைப் பிறகுதான் உலகம் முழுக்க ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதிவைத்தார்கள்.

சரி, இப்போது என் ஆளுக்கு இடைவேளை உண்டு. அவன் திரும்பி வந்து உட்காரும்போது 'பிக்சர்' அவனிடம் இருக்காது; எது எங்கே, எது எதை நோக்கிப் போகிறது என்ற மொத்தக் காட்சிக்கும் அவர்கள் தொழிலில் அதுதான் பெயர். சுபாங்கில் ஷிஃப்ட் மாறும்போது வருகிறவர் உடனே ஹெட்செட்டை வாங்கமாட்டாராம். பின்னால் நின்று பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பாராம்.

"எத்தனை நிமிஷம் பெரியப்பா?"

"அன்னிக்கு இருக்கிற டிராஃபிக்கைப் பொறுத்தது. ஆளையும் பொறுத்தது."

நிரலில் அப்படி எழுதமுடியாது. இப்போதைக்கு 5 என்று போட்டிருக்கிறேன்.