நாய் மேய்க்கற வேலை

"பிகாம் முடிச்சுட்டு நாய் மேய்க்கறியாடா?"ன்னு சித்தப்பா கல்யாணப் பந்தியில வச்சே கேட்டாரு. ஆமா சித்தப்பா, ஒரு நாய்க்கு மாசம் ரெண்டாயிரம், இப்ப அஞ்சு நாய் இருக்குன்னேன், ரசத்த ஊத்தச் சொல்லிட்டு பேச்ச மாத்திட்டாரு.

எங்க வீட்டு நாய் மணி செத்தப்புறமும் காலைல அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துரும், சும்மா நடந்தா கை வெறிச்சுன்னு இருக்கும். அப்ப பக்கத்து தெரு டீச்சரம்மா மூட்டு ஆபரேஷன் பண்ணிட்டு, "தம்பி எங்க புரூனோவையும் கூட்டிட்டு போறியா"ன்னாங்க. சேலம் அழகாபுரத்துல இப்படித்தான் ஆரம்பிச்சுது.

நம்ம நாய்னா போன பாத்துட்டே நடக்கலாம், அடுத்தவங்க நாய்னா அப்படி முடியாது. கழுத்துப் பட்டைக்குள்ள ரெண்டு விரல் போகணும், அதுக்கு மேல லூசா இருந்தா தலைய உருவிட்டு ஓடிரும். ஊசி போட்ட புக்க காட்டலைனா நான் நாய தொடறதே இல்ல. திரும்பி வந்தா "மோஷன் கெட்டியா போச்சா?"ன்னு கேப்பாங்க, ஒரு அண்ணன் போட்டோவே கேப்பாரு (டீ குடிக்கறப்பதான் கேப்பாரு).

சேலம் வெயில் தெரியும்ல, சித்திரைல வெயில் ஏறிட்டா தார் ரோட்டுல புறங்கைய அஞ்சு செகண்ட் வைக்க முடியாது, அதுங்க வெறுங்கால்ல நடக்குது. நமக்கு மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்க தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்ட தணிச்சுக்கும், பக் மாதிரி சப்ப மூக்கு நாய்க்கு அதுவும் சரியா வராது, அத பத்து நிமிஷத்துல வீட்டுல விட்டுருவேன்.

ஓனருங்களோட பெரிய சண்டையே கிலோமீட்டர்தான். ஒரு கரண்ட் கம்பத்துக்கிட்ட புரூனோ மூணு நிமிஷம் நிக்கும், கீழ இருந்து மேல மோந்து, சுத்தி வந்து, காலத் தூக்கி, மறுபடி மோந்து. இழுத்துட்டுப் போனா ரெண்டு கிலோமீட்டர் கணக்கு வரும், ஆனா வீட்டுக்குப் போய் செருப்ப கடிக்கும். மோந்து பாக்க விட்டா அர கிலோமீட்டர்லயே அசந்து படுத்துக்கும்.

ஒரு மே மாசம் ஏற்காடு கோடை விழா நாய் கண்காட்சிக்கு புரூனோவ கூட்டிட்டு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவுல பதினாலாவதுல கார் சீட்டெல்லாம் வாந்தி. மேல போனா நடுவர் நடத்திக் காட்டுங்கன்னாரு, அது அவரு ஷூவ மோந்துட்டு அப்படியே நிக்குது. டீச்சரம்மா வெளிய இருந்து "இழு தம்பி, இழு"ங்கறாங்க.

நான் இழுக்கல.